அடுக்களையில் ஒரு வெட்டு, கிணற்றடியில் ஒரு வெட்டு

குமரி மாவட்டத்தின் ரப்பர் பகுதியில் ஒரு வீட்டில் இரவுக் களவுக்கு வந்த இளைஞர் வீட்டுக்காரர் வெட்டி இறந்த வழக்கு இது. யாரென்று தெரியாதபடி ஊர், உறவு விவரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன. சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது. குற்றம் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதுதான் பொருந்தும் என்பதால் வழக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழ் நடந்தது. இப்போது அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. தற்காப்பு உரிமையைச் சொல்லும் பழைய 96 முதல் 106 வரையான பிரிவுகள் அதில் 34 முதல் 44 வரை வருகின்றன. எண்கள் மாறினவே தவிர உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை.

பின்னணி

விளவங்கோடு தாலுகாவின் மலையோரத்தில் ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளை, அதன் நடுவே வீடு. முன்பக்கம் பிற்காலத்தில் கட்டிய இரண்டு கான்கிரீட் அறைகள், பின்பக்கம் பழைய ஓட்டுக்கூரை அடுக்களை. அடுக்களை வாசலிலிருந்து 12 மீட்டரில் கிணறு, அதைத் தாண்டி ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை. வீட்டில் 58 வயதுக் குடும்பத் தலைவர், அவருடைய மனைவி, பிரசவத்துக்கு வந்திருந்த மகள், மூன்று மாதக் குழந்தை. மகன் வளைகுடாவில்.

சம்பவத்துக்கு மூன்று வாரம் முன்பு புகைப்புரைப் பூட்டை உடைத்து ஏறக்குறைய 60 ஷீட்டை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். புகார் வாங்கியதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது, முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை. அதன்பிறகு அவர் புகைப்புரைக்குப் புதுப் பூட்டு வாங்கினார், கட்டிலுக்கடியில் ஒரு வெட்டுகத்தியைப் போட்டுக்கொண்டார். அடுக்களையின் ஓட்டுக்கூரையை அவர் நினைக்கவில்லை. இந்த ரசீதும் வெட்டுகத்தியும் பின்னால் இரண்டு தரப்பு வாதத்திலும் வந்தன.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரப்பர் விளைகளில் பால்வெட்டு விடிவதற்கு வெகு முன்பே தொடங்கும். அதிகாலை மூன்று மணிக்குத் தலையில் ஹெட்லைட்டும் கையில் கத்தியுமாக ஒருவர் அடுத்த விளையைக் கடந்து போவது இங்கே அன்றாடக் காட்சி. ஆகவே வெளிச்சம் தெரிந்தது, கத்தியோடு ஆள் நின்றது என்பதெல்லாம் இந்த ஊரில் 'நியாயமான அச்சம்' ஆகிவிடாது. விளையில் நின்றவனை வெட்டிவிட்டுத் தற்காப்பு என்று சொன்னால் நிற்காது. வீட்டுக்குள் ஆள் புகுந்தானா என்பதுதான் கேள்வி.

இறந்தவருக்கு வயது 26. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே விளையில் கூலிக்குப் பால் வெட்டியவர். வேலையை விட்டபோது கூலி பாக்கி பற்றிப் பேச்சு இருந்தது. தொகை சிறியது, ஆனால் அரசுத் தரப்பு 'முன்பகை' என்று சொல்ல அது போதுமாக இருந்தது.

அந்த இரவு

மழை, மின்சாரம் இல்லை. இரவு 2.45 மணி அளவில் மனைவிக்கு அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. குழந்தைக்கு வெந்நீர் வைக்க எப்படியும் எழ வேண்டிய நேரம் என்பதால் டார்ச்சோடு போனார். கூரையின் ஓரத்தில் ஆறு ஓடுகள் எடுக்கப்பட்டிருந்தன. ஒருவன் உள்ளே இறங்கிப் பின்கதவின் கொண்டியைத் திறந்துவிட்டிருந்தான், இன்னொருவன் வாசலுக்கு வெளியே நின்றான். அவர் அலறினார்.

வீட்டுக்காரர் வெட்டுகத்தியோடு ஓடி வந்தார். உள்ளே இருந்தவன் கையிலிருந்த இரும்புப் பாரையை வீசினான். அதைத் தடுத்த இடது முன்கையில் எலும்பு முறிந்தது. வீட்டுக்காரர் ஒருமுறை வெட்டினார். அது இடது தோளும் கழுத்தும் சேரும் இடத்தில் விழுந்தது. பாரை கீழே விழ, வெட்டுப்பட்டவன் பின்வாசல் வழியாக வெளியே ஓடினான். வெளியே நின்றவன் அதற்கு முன்பே ஓடிவிட்டான்.

அடுத்த சில நொடிகள்தான் வழக்கு. வீட்டுக்காரர் பின்தொடர்ந்தார். கிணற்றடியில் தடுமாறி விழப்போனவனின் வலது தொடையின் பின்பக்கம் இரண்டாவது வெட்டு விழுந்தது. அதற்கு முன் அவன், "அண்ணே, நாந்தான்... வெட்டாதீங்க" என்றான். மனைவி பின்னாளில் நீதிமன்றத்தில் இதை ஒப்புக்கொண்டார்.

பிறகு நடந்தது

2.51-க்குப் பக்கத்து வீட்டுக்குப் போன் போனது. நான்கு பேர் வந்தார்கள். கிணற்றடியில் கிடந்தவருக்கு உயிர் இருந்தது. மகள் தண்ணீர் கொடுத்தார். வந்தவர்களில் ஒருவர், "கெடக்கட்டு, போலீஸ் வரட்டு" என்றார். ஆனால் போலீஸுக்கும் யாரும் சொல்லவில்லை. உறவினருக்கு, வார்டு உறுப்பினருக்கு, தெரிந்த வக்கீல் ஒருவருக்கு என்று அழைப்புகள் போயின. காவல்துறைக்கு அழைத்தது 3.38-க்கு. 108-ஐ அழைத்தது வந்த காவலர். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. இந்த 47 நிமிடமும் கைப்பேசி அழைப்புப் பதிவாக நீதிமன்றத்துக்கு வந்தது.

அந்த இடைவெளியில் இன்னொரு தவறும் நடந்தது. 3.20 அளவில் மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அடுக்களைத் தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரத்தம் கிடக்கக் கூடாது என்பது தவிர வேறு எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆனால் வெளியே விழுந்த இரத்தத்தை மழை அடித்துப் போயிருந்தது. முதல் வெட்டு வீட்டுக்குள் விழுந்தது என்பதற்கு இருந்த நல்ல சாட்சி அந்தத் தரைதான்.

கிராம நிர்வாக அலுவலர் போலீஸுக்கு முன்பே வந்துவிட்டார். வீட்டுக்காரர் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்: அடுக்களையில் இறங்கினான், பாரையால் அடித்தான், வெட்டினேன், ஓடினான், விடாமல் கிணற்றடியில் இன்னொன்று வெட்டினேன். அலுவலர் எழுதிக் கொடுத்த அறிக்கையின் பேரில் கொலைக்கான 302-இன்கீழ் வழக்குப் பதிவானது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. அன்று அது சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, இன்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 23. போலீஸ் இல்லாத இடத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னதற்கு அந்தத் தடை இல்லை, தமிழ்நாட்டில் எத்தனையோ கொலை வழக்குகள் அதை வைத்துத்தான் ஓடுகின்றன. முதல் தகவல் அறிக்கையின் சுருக்கத்தில் 'ஓடியவரை விரட்டிச் சென்று வெட்டினார்' என்பது மட்டும் இருந்தது. ஓடு பிரித்ததும் பாரையடியும் ஒரு வரியில் கரைந்துவிட்டன.

வீடு புகுந்த குற்றத்துக்குத் தனி வழக்குப் பதிவாகவில்லை. அது எளிதில் கண்ணில் படாத தவறு. ஒரே சம்பவத்தில் இரண்டு தரப்புக்கும் புகார் இருந்தால் இரண்டையும் பதிந்து, ஒரே அதிகாரி விசாரித்து, எது முதலில் தொடங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் பதிந்தால் களவுக்கு வந்தவர் வெறும் 'இறந்தவர்' ஆகிறார், வீட்டுக்காரர் வெறும் 'எதிரி', அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஆகிறார்.

காயங்கள்

உடற்கூராய்வு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் நடந்தது. முதல் காயம் தோளெலும்பை வெட்டி அதன் அடியில் ஓடும் பெரிய இரத்தக்குழாயைத் திறந்திருந்தது. இரண்டாவது தொடைத்தசையில் மூன்று சென்டிமீட்டர் ஆழம், பெரிய குழாய் எதுவும் அறுபடவில்லை. 'காயங்களால் ஏற்பட்ட இரத்தப்போக்கும் அதிர்ச்சியும்' மரணத்துக்குக் காரணம் என்று அறிக்கை சொன்னது. அந்தப் பன்மையே பெரிய சிக்கலானது.

வீட்டுக்காரரின் கை வீங்கியிருந்ததை ரிமாண்டுக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் ஒரு மருத்துவர் கவனித்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பில் முறிவு. ஓங்கி வரும் அடியை முகத்துக்கு நேரே கையை உயர்த்தித் தடுப்பவர்களுக்கு உடையும் எலும்பு அது. வீட்டுக்காரர் தன் வாயால் 'கை வலிக்கிறது' என்றுகூடச் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் வந்த வக்கீல் 'வெட்டியதே இல்லை, ஓடும்போது கிணற்றுச் சுவரில் விழுந்திருப்பார்' என்று எதிர்வாதம் வைக்கச் சொன்னார். ஜாமீன் மனுவும் அப்படியே போனது, தள்ளுபடியானது. கழுத்தில் வெட்டுக்காயம் இருக்கும்போது இந்தக் கதை நிற்காது. அதைவிட மோசம், 'நான் செய்யவில்லை' என்பவரால் 'தற்காத்துக்கொள்ளச் செய்தேன்' என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1967-இல் முன்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், எதிரி தற்காப்பைக் கேட்காவிட்டாலும் ஆவணத்திலிருந்து அது தெரிந்தால் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறதுதான். ஆனால் குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சியிடமும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் ஆவணத்தில் அது எங்கிருந்து வரும்?

இரண்டாவது வக்கீல் பாதையை மாற்றினார். கிராம நிர்வாக அலுவலர் கையால் எழுதிய மூல அறிக்கையை வரவழைக்க மனுப் போட்டார், முதல் பாதி அதில் முழுசாக இருந்தது. வீடு புகுந்ததற்கு வழக்குப் பதியக் கோரி நடுவர் நீதிமன்றத்தில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 156(3) மனு கொடுத்தார். இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3). தப்பி ஓடியவர் அதன்பிறகே பிடிபட்டார். தடயவியல் அறிக்கையையும் வரிவரியாகப் படித்தார். தரையைக் கழுவினாலும் நிலைப்படிக்கு அடியில், மரமும் சிமென்டும் சேரும் இடுக்கில், பஞ்சால் ஒற்றி எடுத்த மாதிரியில் மனித இரத்தம் தெரிந்திருந்தது. ஆறு ஓடுகளும் கூரைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த புகைப்படமும் இருந்தது. சண்டையில் உடைந்த ஓடு அப்படி இருக்காது. சம்பவத்துக்குப் பின் குடும்பம் ஜோடித்தது என்ற அரசுத் தரப்பு வாதத்துக்கு, கூரைக்கு அடியில் சுவரில் பதிந்த சேற்றுக்கால் தடம் பதில் சொன்னது.

56-ஆம் நாள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜாமீன் கொடுத்தது. மதுரையில் தங்கித் தினமும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. விளையை அந்தக் காலம் முழுக்க யாரும் வெட்டவில்லை.

விசாரணை

அரசுத் தரப்பின் கதை இப்படி: பழைய கூலித் தகராறு, முந்தைய களவில் சந்தேகம், கட்டிலுக்கடியில் காத்திருந்த ஆயுதம், ஆள் யாரென்று தெரிந்தபின் விழுந்த வெட்டு, 47 நிமிட அலட்சியம். கேட்க வலுவாகத்தான் இருக்கிறது.

எதிர்த்தரப்பு சட்டத்தின் வரிசையைப் பிடித்துக்கொண்டது. 103-ஆம் பிரிவின்படி, இப்போதைய 41, கொள்ளை, இரவில் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைத்தல் போன்றவற்றில் சொத்தைக் காக்கும் உரிமை உயிர் போகச் செய்வது வரை நீளும். ஓட்டைப் பிரித்து இறங்குவதும் கொண்டியைத் திறப்பதும் 'உடைத்துப் புகுதல்' என்ற வரையறைக்குள் வரும், கதவு உடைய வேண்டியதில்லை. புதிய சட்டம் 'இரவு' என்ற சொல்லை 'சூரிய அஸ்தமனத்துக்குப் பின், உதயத்துக்கு முன்' என்று தெளிவாக்கியிருக்கிறது. அதோடு பாரையடி உடலைக் காக்கும் உரிமையையும் தந்தது. அது பழைய 100, புதிய 38. கட்டிலுக்கடியில் கத்தி வைத்தது திட்டமா என்ற கேள்விக்கு சி.எஸ்.ஆர். ரசீதே பதிலானது: புகார் கொடுத்துக் காத்திருந்தவர் பயந்தவர், பழிவாங்கக் காத்திருந்தவர் அல்ல. அதே ரசீதைக் காட்டி, போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தது, ஆகவே 99-இன்படி உரிமையே இல்லை என்றது அரசுத் தரப்பு. நீதிமன்றம் ஏற்கவில்லை. மூன்று வாரம் முன்பு நேரம் இருந்ததா என்பது கேள்வியல்ல, கூரையிலிருந்து ஆள் இறங்கிய நொடியில் நேரம் இருந்ததா என்பதே கேள்வி.

தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு எதிரியுடையது. ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கக்கூடியது இதுவே என்று காட்டினால் போதும். எதிரியின் உடம்பில் இருந்த எலும்பு முறிவைக் குற்றப்பத்திரிகை எங்கும் விளக்கவில்லை. 1976-இல் லட்சுமி சிங் வழக்கிலிருந்து, அப்படி விளக்காமல் விடுவது அரசுத் தரப்பின் கதையையே சந்தேகத்துக்குள்ளாக்கும் என்பது நிலைத்துவிட்ட கருத்து.

மருத்துவரின் குறுக்கு விசாரணை ஏறக்குறைய இரண்டு கேள்விகளில் முடிந்தது. முதல் காயம் மட்டும் இருந்திருந்தால் மரணம் வந்திருக்குமா? வந்திருக்கும். இரண்டாவது மட்டும் இருந்திருந்தால்? வழக்கமாக வராது. உயிரைப் பறித்த வெட்டு வீட்டுக்குள் விழுந்ததா, வெளியிலா என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது.

ஆனால் இரண்டாவது வெட்டுக்குச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. 105-இன்படி, இப்போதைய 43, இரவில் உடைத்துப் புகுந்ததற்கு எதிரான உரிமை அத்துமீறல் நீடிக்கும் வரையே நீடிக்கும். அவன் வாசலைத் தாண்டியதும் அது முடிந்துவிட்டது. பாரை உள்ளே கிடந்தது. கையிலோ பையிலோ வீட்டுப் பொருள் எதுவும் இல்லாததால் 'திருட்டுப் பொருளை மீட்கத் துரத்தினேன்' என்ற வாதமும் இல்லை. இருந்திருந்தாலும் விரட்டிப் பிடித்துக் கட்டிவைத்து ஒப்படைக்கலாமே தவிர வெட்டலாம் என்றாகாது. தனிநபர் அப்படிப் பிடித்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு. இருட்டில் இன்னொருவன் திரும்பி வருவானோ என்ற பயம் இருந்தது என்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவன் முன்பே ஓடிவிட்டான் என்று மனைவியே குறுக்கு விசாரணையில் சொன்னதோடு அது விழுந்தது.

தீர்ப்பு

அமர்வு நீதிமன்றம் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மரணத்துக்குக் காரணமான வெட்டு தற்காப்பு உரிமைக்குள் அடங்கும், ஆகவே அது குற்றமே அல்ல. கிணற்றடி வெட்டுக்கு ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தியதாக 324-இன்கீழ் தண்டித்தது. இப்போது அது 118(1). சிறையில் கழிந்த 56 நாளே தண்டனை, கூடவே அபராதம். பாரையையும் வெட்டுகத்தியையும் மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அழிக்க உத்தரவு.

வேறொரு நீதிமன்றம் இரண்டு காயத்தையும் ஒரே தொடர்செயலாகப் பார்த்திருக்கலாம். அப்படிப் பார்த்தால் கொலைக்கான வரையறையின் இரண்டாவது விதிவிலக்கு வரும்: நல்லெண்ணத்தோடு, முன்திட்டம் இல்லாமல், தற்காப்பு எல்லையை மீறி உயிர் போகச் செய்தால் அது கொலையாகாத மரணம். அது 304, புதிய எண் 105. அதற்குப் பல ஆண்டுச் சிறை கிடைத்திருக்கக்கூடும். மூன்று சென்டிமீட்டர் ஆழமான காயம் ஒரு விரற்கடை தள்ளிப் பெரிய குழாயில் விழுந்திருந்தால் இந்த வழக்கு அங்கேதான் போயிருக்கும்.

சட்டம் கேட்காத கேள்வி

முதல் வெட்டு நியாயமானது என்று சொன்ன தீர்ப்பு, விழுந்து கிடந்தவரை என்ன செய்திருக்க வேண்டும் என்று நீளமாகப் பேசவில்லை. மருத்துவக் கருத்தின்படி அந்தக் குழாய் திறந்தபின் பிழைப்பது அரிது. ஆனாலும் 2.51-க்கு அழைத்தது 108 ஆக இருந்திருந்தால் அரசுத் தரப்பின் பாதி வாதம் எழுந்திருக்காது. கிணற்றடியில் கிடந்தவர் அந்த வீட்டு முற்றத்தில் கஞ்சி குடித்தவர். ஆபத்து நீங்கிய நொடியில் அவர் களவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை, காயம்பட்டவர் என்பதுதான் அங்கே நின்றவர்களின் வேலை. தண்ணீர் கொடுத்த மகள் மட்டுமே அதைச் செய்தார். அதையும் அரசுத் தரப்பு, 'உயிர் இருந்தது தெரிந்தும்' என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது.

ஊரில் எழுந்த தவறான பாடம்

சம்பவத்துக்குப் பின் சுற்றுவட்டாரத்தில் சிலர் புகைப்புரையைச் சுற்றி இரவில் மின்கம்பி விடத் தொடங்கினார்கள். 'வீடு புகுந்தவனைக் கொன்றால் குற்றமில்லை' என்று கேள்விப்பட்டதன் விளைவு. 1963-இல் செருபின் கிரிகரி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதை முடித்துவிட்டது. தன் கழிப்பறைக்குப் பிறர் வராமலிருக்க மின்சாரம் பாய்ச்சிய கம்பியால் ஒருவர் இறந்தபோது, அத்துமீறி வந்தவர் என்பது காரணமாகாது என்று தண்டனை உறுதியானது. கம்பிக்கு ஆள் தெரியாது. மூன்று மணிக்குப் பால் வெட்டப் போகிறவரும் களவுக்குப் போகிறவரும் அதற்கு ஒன்றுதான்.

என்ன மாற வேண்டும்

மூன்று வாரம் முன்பே புகாரை சி.எஸ்.ஆர். ரசீதோடு விட்டிருக்கக் கூடாது. முதல் தகவல் அறிக்கை மறுக்கப்பட்டால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதுவும் பலிக்காவிட்டால் நடுவரிடம் போகலாம். புகைப்புரைக்குப் பூட்டு வாங்கிய பணத்தில் ஓட்டுக்கூரைக்கு அடியில் கம்பி வலை போட்டிருக்கலாம். அடுக்களைக்கும் படுக்கை அறைக்கும் நடுவே உள்தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு இருந்திருந்தால் குடும்பம் முழுவதும் ஒரே அறைக்குள் இருந்து அவசர உதவி எண் 112-ஐ அழைத்திருக்கும். ஓடி ஒளிய வேண்டும் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நடுவே ஒரு கதவு இருந்தால் யாரும் பாரைக்கு எதிரே போய் நிற்க வேண்டிய தேவை வராது, அவ்வளவுதான்.

வாசலில் நின்றிருக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்திருந்தால் 324-உம் இல்லை. மற்றவை அதற்குப் பின்: 108, 112 இரண்டையும் அந்த இடத்திலிருந்தே அழைப்பது, தரையைத் தொடாமல் அடுக்களைக் கதவைச் சாத்திக் குழந்தையை முன்னறைக்கு எடுத்துப் போவது, ஆயுதத்தைக் கழுவாமல் ஒளிக்காமல் விட்ட இடத்தில் விடுவது, தன் காயத்தை மருத்துவரிடம் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்வது. வருகிறவர்களிடம் 'ஓடு பிரித்து உள்ளே இறங்கினான், பாரையால் அடித்தான்' என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பொய் சொல்லச் சொல்வதல்ல இது. பதறியவர் கடைசியில் செய்ததை முதலில் சொல்வார், எழுதுகிறவர் முதலில் கேட்டதை எழுதுவார். வீடு புகுந்ததற்கான தனிப்புகாரை அன்றே, அதே நிலையத்தில், எழுத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

இப்போது அந்த அடுக்களைக்கு ஓட்டுக்கு அடியில் இரும்பு வலை இருக்கிறது. பின்வாசலில் பேட்டரி விளக்கு, மின்சாரம் போனாலும் எரியும். இறந்தவரின் தாய் இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தார், முடிவு வரவில்லை. அந்தப் பழைய கூலி பாக்கியை வீட்டுக்காரரின் மனைவி தீர்ப்புக்குப் பின் ஒரு உறவினர் வழியாகக் கொடுத்தனுப்பினார். தாய் வாங்கிக்கொள்ளவில்லை.